1,10,000 கிலோமீட்டர் ஓடிய டூரிங் பைக்கை வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் ஒரு தண்டு சுழன்று பின் சக்கரத்தை ஓட்டும்) உள்ள பழைய டூரிங் பைக், மீட்டரில் 1,10,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர், விலை கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஆனால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ‘லட்சம் தாண்டிய வண்டியைத் தொடாதே’ என்கிறார்கள். என்ன செய்வது?

அந்த எண்ணுக்காக மட்டும் வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். ‘தொடாதே’ என்பவர்கள் சின்ன வண்டிக்கான கணக்கைப் பெரிய வண்டிக்குப் போடுகிறார்கள். 150 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு முட்ட ஓடும். 1,300 சிசி நான்கு சிலிண்டர் அதே வேகத்தில், மேல் கியரில், தன் உச்ச சுற்றில் மூன்றில் ஒரு பங்கைச் சொச்சம் தாண்டித்தான் சுற்றும். அடுத்து ஓடிய நேரத்தைப் பாருங்கள். சராசரி 70 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையிலேயே ஓடியிருந்தால் 1,10,000 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 1,570 மணி நேரம். அதையே நகர நெரிசலில் சராசரி 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தால் 4,400 மணி நேரம். மீட்டரில் ஒரே எண்தான், இன்ஜின் பட்ட பாடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறு. இன்ஜின் அதிகம் தேய்வது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது. ஒரு ஸ்டார்ட்டுக்கு 300 கிலோமீட்டர் ஓடிய வண்டியையும் 8 கிலோமீட்டர் ஓடிய வண்டியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அதனால் கிலோமீட்டர் முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்நேரம் எந்தெந்த வேலைகள் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. யமஹா எஃப்ஜேஆர் 1300-க்கு வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் நடுவில் விடும் இடைவெளி) பார்ப்பது சுமார் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை; 1,10,000-க்குள் இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். கவாசாகி கான்கர்ஸ் 14-க்கு சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஆக நான்கு முறை. உரிமையாளரிடம் ‘சர்வீஸ் எல்லாம் கரெக்டா பண்ணியாச்சா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘வால்வு கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் பார்த்தீர்கள், எத்தனை ஷிம் மாற்றினார்கள்?’ என்று கேளுங்கள். ஷிம் என்பது அந்த இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் சின்ன உலோக வில்லை. உண்மையில் செய்தவரிடம் பில்லோ, கைப்பட எழுதிய குறிப்போ இருக்கும்.

வால்வைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘இன்ஜின் சத்தமே இல்லை, அவ்வளவு ஸ்மூத்’ என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். கிளியரன்ஸ் கூடினால்தான் டிக் டிக் என்று சத்தம் வரும். ஷிம் வைத்த இன்ஜின்களில் பெரும்பாலும் கிளியரன்ஸ் குறையத்தான் செய்யும். வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய வால்வு மேலே ஏறி, இடைவெளி சுருங்கும். ஒரு கட்டத்தில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. மூடினால்தான் அதன் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கும். மூடாத வால்வின் விளிம்பு கருகும். இத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும். காதால் கண்டுபிடிக்க முடியாது, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்தால் தெரியும். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 15-ஐத் தாண்டினால் லீக் டவுன் சோதனையும் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். காற்று சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் துளை வழியாக வந்தால் பிஸ்டன் ரிங். டூரிங் பைக்கில் ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் வெளி உறை) கழற்றிப் பிளக்கை எட்டுவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால் உரிமையாளர் தயங்குவார். கூலியை நீங்கள் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் வேறு வண்டி பார்ப்பது நல்லது.

மாடல் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஹோண்டா கோல்டுவிங் ஜிஎல் 1500-லும் எஸ்டி 1100-லும் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட கேமைச் சுற்றும் பெல்ட். பெல்ட்டுக்குக் கிலோமீட்டரோடு வயதும் சேரும். ஜிஎல் 1500-ல் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். எப்போது மாற்றியது என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஜிஎல் 1800-லும் எஸ்டி 1300-லும் செயின், இந்தக் கவலை இல்லை. ஆனால் ஜிஎல் 1800-ன் ஆரம்ப வருட மாடல்களில் ஃபிரேம் வெல்டிங் விரிசலுக்காகவும், பின்னால் வந்தவை உட்படப் பலவற்றில் பின் பிரேக் பிடித்துக்கொள்வதற்காகவும் ரீகால் (தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) நடந்தது. ஃபிரேம் எண்ணை வைத்து அந்த வேலைகள் முடிந்தனவா என்று கேட்டு வாங்குங்கள். பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஆர்டியில் பின் சக்கரத்தை ஒட்டிய ஃபைனல் டிரைவின் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் கியர் பெட்டி) பேரிங்கையும் சக்கரத்தைத் தாங்கும் ஃபிளாஞ்சையும் பாருங்கள். 1999 முதல் 2006 வரையிலான ஹார்லி டூரிங் வண்டிகளின் ட்வின் கேம் 88 இன்ஜினில் கேம் செயினைத் தளராமல் பிடிக்கும் டென்ஷனரின் பிளாஸ்டிக் தேய்ந்து, அந்தத் துகள் ஆயில் பம்ப்புக்குப் போகும். எஃப்ஜேஆரில் ஸ்டார்ட் செய்தவுடன் செயின் கலகலத்தால் டென்ஷனர் சோர்ந்துவிட்டது.

இனி வண்டியை நேரில் பார்க்கும்போது. ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் தெரியும் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட்டில் ஒரு கணம் நீலப் புகை வந்து நின்றால் வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் போயிருக்கிறது. த்ராட்டிலை விட்டதும் நீலம் வந்தால் அந்த சீலோ, வால்வுத் தண்டு ஓடும் கைடோ. முடுக்கும்போது வந்தால் ரிங். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், அதில் இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது. ஒன்று மட்டும்: சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜினைப் பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தியிருந்தால் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகைவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஷாஃப்டுக்கு வருகிறேன். ‘ஷாஃப்டுக்குப் பராமரிப்பே வேண்டாம்’ என்ற பேச்சை நம்பித்தான் பல வண்டிகளில் ஃபைனல் டிரைவும் சக்கரமும் கோத்துக்கொள்ளும் ஸ்ப்லைன் பற்கள் கத்தி முனையாகத் தேய்ந்துபோயிருக்கின்றன. பின் டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்ப்லைனைத் துடைத்து மாலிப்டினம் பேஸ்ட் பூச வேண்டும், சாதாரண கிரீஸ் அங்கே நிற்காது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில், பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். தட்டுப்படும் ஆட்டம் இருந்தால் பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் பிவட்டோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டு) போயிருக்கிறது. சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பும்போது கொஞ்சம் இடைவெளி இருப்பது இயல்புதான். ஃபைனல் டிரைவின் டிரெயின் பிளக்கைத் திறக்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. விரலில் குத்துகிற செதில் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மின்சாரத்துக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி ஓய்வில் இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 4,000 – 5,000 சுற்றில் 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங் போதவில்லை. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது. ஸ்டேட்டர் (இன்ஜினோடு சேர்ந்த, மின்சாரம் உண்டாக்கும் சுருள்) வகை வண்டியாக இருந்தால், மூன்று ஒயர் சேரும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பேறி உருகியிருந்தால் வெகுநாளாகச் சூடேறியிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அந்த மூன்று ஒயரில் எந்த இரண்டை அளந்தாலும் ஏசி வோல்ட்டேஜ் ஒரே அளவு வர வேண்டும். இன்ஜினை நிறுத்திய பிறகு எந்த ஒயருக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டக் கூடாது. கூடுதல் விளக்கு, சூடேறும் கைப்பிடி, சார்ஜர் என்று முந்தையவர் மாட்டியிருப்பார். அவை ரிலே, ஃபியூஸ் வழியாகத் தனியாக வந்தால் சரி. வண்டியின் ஒயரிங்கையே வெட்டி டேப் சுற்றியிருந்தால் பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்கே நாள்கணக்கில் கூலி கொடுப்பீர்கள்.

ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டைப் பார்க்க முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் மாற்ற வேண்டும். எடை அதிகமான இந்த வண்டிகளில் இது அடிக்கடி தேயும். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் இருந்தால் சீல் மட்டுமா, குழாயிலேயே குரோம் உரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். சீல் மலிவு, குழாய் அப்படியல்ல. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மீதே பொறித்திருக்கும், வெர்னியரால் அளக்கலாம். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ஏழெட்டு வருடப் பழைய டயரை மாற்றத்தான் வேண்டும். பின் ஷாக் முதல் லட்சத்துக்குள்ளேயே பெரும்பாலும் சோர்ந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். சாவி திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

ஏபிஎஸ் என்றதும் ஒரு ஆதங்கம், கேள்விக்கு நேராகச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அந்த யூனிட்டுக்குள் சின்ன ஒரு சீலோ மோட்டாரோ போனாலும் பல தயாரிப்பாளர்கள் அதைத் தனியாக விற்பதில்லை, முழு யூனிட்டாக வாங்கு என்கிறார்கள். மீட்டர் கிளஸ்டரும் அப்படித்தான். சர்வீஸ் விளக்கை அணைக்கக்கூட அவர்களுடைய கருவி வேண்டும் என்று பூட்டி வைக்கிறார்கள். நன்றாக ஓடும் இன்ஜினோடு வண்டிகள் இரும்புக் கடைக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான், கிலோமீட்டரால் அல்ல. வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு ஏபிஎஸ் யூனிட், ஃபேரிங் பேனல், ஃபியூல் பம்ப் மூன்றும் இன்னும் கிடைக்கின்றனவா என்று விசாரித்து வைப்பது அவசியம்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் நன்றாக முறுக்கி, சட்டென்று விட்டு, மறுபடி முறுக்குங்கள். கியர் நழுவினால் இன்ஜினைப் பிளக்காமல் சரிசெய்ய முடியாது, அதோடு விட்டுவிடுங்கள். மேல் கியரில் குறைந்த சுற்றிலிருந்து முழு த்ராட்டில் கொடுக்கும்போது சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கார் ஆயில் ஊற்றியதாலும் இது வரும். பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 தர ஆயில் ஊற்றினால் சில சமயம் சரியாகும், ஆனால் அதை நம்பி விலை பேசாதீர்கள். 80-லிருந்து 50-க்கு வேகம் இறங்கும்போது ஹேண்டில் படபடத்தால் டயர், கோன் செட், சக்கரப் பேரிங் மூன்றையும் சந்தேகப்படுங்கள். கையை விட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மீட்டரைத் திருத்தியிருப்பார்களோ என்ற பயம் இருந்தால் தேய்மானம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபுட் பெக் ரப்பர், பிரேக் பெடல், சாவியின் பற்கள், சீட் தையல், டிஸ்க் தடிமன் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். 30,000 காட்டும் வண்டியில் பெடல் மழமழவென்று தேய்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள். 1,10,000 என்று நேர்மையாகக் காட்டும் வண்டி அதைவிட எவ்வளவோ மேல். பல வருடம் நின்றே கிடந்த ‘குறைந்த ஓட்டம்’ வண்டியையும் அதே போலச் சந்தேகியுங்கள்: டேங்க் துருப்பிடிக்கும், இன்ஜெக்டர் அடைக்கும், சீல் காயும், பிரேக் பிஸ்டன் இறுகும்.

கடைசியில் ஒரு தாளில் இன்னும் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் உதிரிபாகம், கூலி இரண்டையும் விசாரித்துக் கூட்டுங்கள். என் கணக்கில் அது கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் அந்தத் தொகையைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கலாம். பாதியைத் தாண்டினால் விடுங்கள். உங்களுக்கே வால்வு பார்க்கவும் ஃபேரிங் கழற்றவும் வருமென்றால் கூலியைக் கழித்துக்கொள்ளலாம், கணக்கு மாறும். ஃபிரேம் எண், இன்ஜின் எண் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ, வண்டியின்மேல் கடன் நிலுவை இருந்தாலோ இந்தக் கணக்கே வேண்டாம்.

வாங்கிவிட்டால் முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில், ஃபைனல் டிரைவ் ஆயில், கூலன்ட், பிரேக் திரவம், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் அதன் திரவம், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வடித்த இன்ஜின் ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டி, பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, பளபளக்கும் துகள் இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி சீட்டுக்கு அடியில் வையுங்கள்.