மேட்வில்லனி ஆல்பத்தை விமர்சகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

"ராப்பர் எம்எஃப் டூமும், இசை அமைக்கும் புரொட்யூசர் மேட்லிப்பும் சேர்ந்து செய்த மேட்வில்லனி எனக்குப் பாதியில் விட்ட பாட்டுகளாகத்தான் கேட்கிறது. அப்படி என்ன இருக்கிறது அதில்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் தடவை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. மொத்தம் 22 பாட்டு, ஆனால் 46 நிமிடத்தில் முடிந்துவிடும். பல பாட்டுகள் இரண்டு நிமிடத்தைத் தொடுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் பல்லவி அநேகமாக எங்கும் இல்லை. ராப்புக்குப் பின்னால் ஓடும் இசையான பீட் ஒன்று காதில் உட்காருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

2004 மார்ச்சில் வெளிவந்தபோதே விமர்சகர்கள் கொண்டாடிவிட்டார்கள். இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்கு 9.4 கொடுத்தது. பல விமர்சனங்களின் மதிப்பெண்ணைத் திரட்டித் தரும் மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு 93. ஆனால் அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் அது எட்டிய உயரம் 179ஆம் இடம்தான். ஸ்டோன்ஸ் த்ரோ என்ற சின்ன நிறுவனத்தின் வெளியீடு, ரேடியோவுக்கு ஏற்ற பல்லவியும் இல்லை. பெரிய கூட்டம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தை ஆக்கியது ஒரு விபத்து. 2002இல் பிரேசில் போயிருந்த மேட்லிப், சாவ் பாவ்லோவில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து பல பீட்களைப் போட்டார். கையில் இருந்தது பாஸ் எஸ்பி-303 என்ற சின்ன சாம்ப்ளர் (இசைத் துணுக்குகளைப் பதிந்து, வெட்டி, திரும்ப ஓட்டும் கருவி), கையோடு கொண்டுபோகும் ரெக்கார்டு பிளேயர், ஒரு கேசட் டெக், அங்கே வாங்கிக் குவித்த பழைய இசைத்தட்டுகள். பிறகுதான் அந்த விபத்து: ஆல்பம் முடிவதற்கு முன்பே அதன் டெமோ, அதாவது முதல் வரைவுப் பதிவு, இணையத்தில் கசிந்துவிட்டது. இருவரும் மனம் விட்டுப்போய் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது டூம் பல பாட்டுகளைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். டெமோவில் துள்ளலாக இருந்த குரல் இப்போது தாழ்ந்து, அவசரமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலாகிவிட்டது. மேட்லிப்பின் கீறல் விழுந்த, மங்கலான ஒலிக்கு அந்தக் குரல்தான் பொருந்துகிறது. டெமோவையும் ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் எனக்கு இது புரிந்தது.

விமர்சகர்கள் அதிகம் பேசுவது டூமின் சொல்வித்தையைப் பற்றி. அது நியாயம்தான். நாம் இயைபு என்று சொல்வதை அவர் வரியின் கடைசிச் சொல்லோடு நிறுத்துவதில்லை, வரி நெடுக அடுக்கிக்கொண்டே போவார். ஆனால் மேட்லிப்புக்கு அதே அளவு புகழ் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். ஜாஸ், பிரேசில் இசை, பழைய படங்களின் வசனம் என்று எங்கெங்கோ எடுத்த துணுக்குகளை ஒரே இரவில் நடக்கும் கதைபோலக் கோத்திருக்கிறார். (2007இல் இந்தியத் திரையிசையை வெட்டி ஒட்டி ஒரு தனி ஆல்பமே போட்டார். அதையும் தேடிக் கேளுங்கள்.)

டூம் 2020 அக்டோபர் 31 அன்று இறந்தார். உலகத்துக்குத் தெரிந்தது டிசம்பர் 31 அன்றுதான். அவர் இருந்தவரை இந்த ஜோடியின் அடுத்த முழு ஆல்பம் வரவேயில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொரு தடவை கேட்பதாக இருந்தால் 'அக்கார்டியன்' பாட்டை மட்டும் ஹெட்போனில் போடுங்கள். முதல் தடவை அந்த அக்கார்டியன் துணுக்கு சுற்றிச் சுற்றி வருவதை மட்டும் கவனியுங்கள். அப்புறம் குரலை மட்டும். டூம் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், எந்த இடத்தில் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கிறார் என்று பாருங்கள்.