பெரியப்பாவின் விமானக் கருவிப் பலகையை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: விமானப் பராமரிப்புப் பணியில் இருந்த என் பெரியப்பா, இரண்டாம் உலகப் போர்க்கால விமானம் ஒன்றின் கருவிப் பலகையை, உயரமானி, வேகமானி முதலிய டயல்களுடன் அப்படியே பாதுகாத்து வந்தார். அவர் மறைந்தபின் அது எங்களிடம் வந்துள்ளது. அதன் அருமை அறிந்தவர்களிடம் சேர்க்க விரும்புகிறோம். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, விற்பதா? அதற்கு முன் துடைத்து மெருகேற்றலாமா?

பதில்: மெருகேற்ற வேண்டாம், டயல்களைத் திறக்கவும் வேண்டாம். அக்காலத்து டயல்கள் பலவற்றில் இருட்டில் தெரிவதற்காக, கதிர்வீச்சு வெளியிடும் தனிமமான ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். இப்போது அவை ஒளிரவில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணக் கூடாது. ஒளிரும் சேர்மம் சில பத்தாண்டுகளில் தேய்ந்துவிடும். ரேடியம் 226இன் அரை ஆயுளோ, அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலமோ, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். கண்ணாடி உடைந்து, உதிர்ந்த வண்ணத்தூள் மூச்சின் வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போவதுதான் பெரிய அபாயம். எனவே பலகையைக் காற்றோட்டமுள்ள, ஆள் நடமாட்டம் குறைந்த அறையில் வைத்து, கதிர்வீச்சு அளக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதித்துவிடுங்கள். ரேடியம் இருந்தால், அதை அனுப்புவதற்கும் கைமாற்றுவதற்கும் உங்கள் நாட்டில் உள்ள விதிகளைக் கேட்டறிந்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

அதற்கடுத்த வேலை, உங்கள் பெரியப்பா விட்டுச்சென்ற தாள்களைத் தேடுவது. இது எந்த விமானத்திலிருந்து, எப்போது, எவ்வாறு அவர் கைக்கு வந்தது என்பதைச் சொல்லும் கடிதமோ, புகைப்படமோ, பணிக் குறிப்பேடோ கிடைத்தால், அதைப் பலகையிலிருந்து ஒருபோதும் பிரிக்காதீர்கள். கருவிகளின் பின்புறத்தில் தெரியும் வரிசை எண்களையும் முத்திரைகளையும் படமெடுத்து வையுங்கள். அவரிடம் கேட்டறிந்த செய்திகளை, நினைவில் இருக்கும்போதே, யார் சொன்னது என்ற குறிப்புடன் எழுதி வைப்பதும் சான்றுதான்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதே என் விருப்பம் என்றாலும், பொருளை முன்னறிவிப்பின்றி அங்கே கொண்டுபோய் இறக்குவது சரியன்று. படங்களையும் வரலாற்றையும் அனுப்பி, ரேடியம் பற்றியும் மறைக்காமல் தெரிவித்து, பதிலுக்குக் காத்திருங்கள். ஏற்கெனவே அவர்களிடம் அதுபோன்ற ஒன்று இருந்தால் மறுப்பார்கள்; அது உங்கள் பொருளைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. ஏற்றுக்கொண்டாலும் எப்போதும் காட்சியில் வைப்பதாக உறுதி கூறுவது அரிது, ஏனெனில் பெரும்பாலான சேகரிப்புகள் கிடங்கில்தான் இருக்கும்.

எதையும் எழுத்தில் பெறுங்கள். ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானம், அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1928இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய், 1948இல்தான் அமெரிக்காவுக்குத் திரும்பியது. முதல் விமானம் என்ற அதன் இடத்தை மறுக்கும் கருத்தை ஸ்மித்சோனியன் வெளியிட்டால், விமானம் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்று அப்போது எழுதிய ஒப்பந்தம் விதித்தது. உங்களுக்கு அவ்வளவு கடுமையான நிபந்தனை தேவையில்லை. ஆனால், பிற்காலத்தில் சேகரிப்பிலிருந்து நீக்க நேர்ந்தால் முதலில் உங்கள் குடும்பத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்பது நியாயமே.

விற்பதென்றால், வாங்க வருபவரிடமே விலை கேட்காமல், விற்பனையில் பங்கில்லாத மதிப்பீட்டாளரை அணுகுங்கள். அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை மதிப்பிட்டுத் தருவதில்லை.

கேள்வி: டயல்களைத் தனித்தனியாகப் பிரித்து விற்றால் அதிகம் கிடைக்கும் என்று ஒரு வியாபாரி சொல்கிறார். செய்யலாமா?

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்; ஆனாலும் செய்யாதீர்கள். எந்த டயல் எங்கே இருந்தது, விமானியின் கை பட்டு எந்த விளிம்பு தேய்ந்தது என்பதெல்லாம் பலகை முழுமையாக இருக்கும்வரைதான் தெரியும். பிரித்தபின் அவை எங்கும் கிடைக்கும் உதிரிப் பாகங்களே. பழைய விமானத்தை மீட்டமைக்கும் குழுவினர் கேட்டு வந்தால், முழுப் பலகையையும் தாள்களுடன் சேர்த்தே பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.