டிவி நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவர் சினிமா இயக்குநராக முடியுமா? கொழும்பில் அதற்கு வழி இருக்கிறதா?

முடியும். ஆனால் வீட்டிலிருந்தபடி எழுதி அனுப்பிக்கொண்டு மட்டும் இருந்தால் முடியாது. கொழும்பில் தமிழ்த் தொலைநாடகங்களுக்குக் கதை வசனம் எழுதி, பிறகு சொந்தக் காசும் நண்பர்களின் காசும் போட்டு ஒரு சின்னப் படத்தை இயக்கியவள் என்ற அளவில் இதைச் சொல்கிறேன். என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் தெரிந்த பெயர்களிலிருந்து தொடங்குகிறேன்.

நம் மொழியில் இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமான ஆள் பாஸ்கர் சக்தி. 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடிய 'மெட்டி ஒலி'க்கு வசனம் எழுதியவர். அந்தத் தொடரை இயக்கிய திருமுருகன் 2006இல் 'எம் மகன்' படத்தை எடுத்தபோதும் வசனம் பாஸ்கர் சக்திதான். 2011இல் அவருடைய கதை 'அழகர்சாமியின் குதிரை' என்று படமாகித் தேசிய விருது வாங்கியது, இயக்கியவர் சுசீந்திரன். பாஸ்கர் சக்தி தானே இயக்கிய 'ரயில்' தியேட்டருக்கு வந்தது 2024இல். அதற்கு முதலில் வைத்த 'வடக்கன்' என்ற பெயரைத் தணிக்கை ஏற்காததால் மாற்றவேண்டி வந்தது வேறு கதை. மெட்டி ஒலியிலிருந்து எண்ணினால் இருபது வருசத்துக்கு மேல். திருமுருகன் சீக்கிரமே சினிமாவுக்குப் போனார், இரண்டு படம் செய்தார், 2010இல் 'நாதஸ்வரம்' தொடரோடு டிவிக்கே திரும்பினார். அதை யாராவது தோல்வி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். தினமும் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற ஒன்றைச் செய்பவர் எங்கிருந்து கீழே விழுந்தார்?

அமெரிக்காவிலும் இது அவசரத்தில் நடக்கிற காரியமில்லை. 'தி வெஸ்ட் விங்' என்ற தொடரை 1999இல் தொடங்கிய ஆரன் சோர்கின், 'மோலிஸ் கேம்' என்ற தன் முதல் படத்தை இயக்கியது 2017இல். அப்போது வயது 56. நடுவில் திரைக்கதைக்கு ஆஸ்கரே வாங்கிவிட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தொடரை உருவாக்கிய எழுத்தாளர்தான் பெரும்பாலும் அதன் தலைவர். நடிகர் தேர்விலிருந்து கடைசி எடிட்டிங் வரை அவர் சொல் எடுபடும். அப்படிப் பல வருசம் இருந்தவருக்கு இயக்குநர் நாற்காலி புதிய இடமில்லை.

இனிக் கொழும்புக்கு வருவோம். அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் வந்தது, தமிழ் அலைவரிசைகளான சக்தி டிவி 1998இல், வசந்தம் டிவி 2009இல். அலைவரிசைக்குக் குறைவில்லை. ஆனால் மாலை நேரத்தைச் சென்னைத் தொடர்கள் பிடித்துக்கொண்டன. ஒரு நாடகத்தை இங்கே எடுப்பதை விட அங்கே எடுத்து முடித்ததை வாங்கிப் போடுவது மலிவு. இதில் யாரையும் திட்டிப் பிரயோசனமில்லை. இங்கே எடுக்கிற தமிழ் நாடகத்துக்குக் கிடைப்பது சின்ன பட்ஜெட், கொஞ்ச நாள் படப்பிடிப்பு, தெரிந்தவர் ஒருவரின் வீடு. அந்த பட்ஜெட்டில் வெட்ட மிகச் சுலபமான ஆள் எழுத்தாளர். பிரதியைக் கொடுத்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று எதிர்பார்ப்பார்கள்.

நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள் என்பதுதான் என் முக்கியமான ஆலோசனை. வசனத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லி செட்டில் நின்றுவிடுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க வீடு என்றால் ரயில் போகும்வரை சவுண்ட் நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் நடிகர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எழுதும்போது தெரியாத பல விஷயம் அங்கே தெரியும்.

அடுத்தது எடிட்டிங். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் வேலை செய்த இடங்களில் கெமராவும் லைட்டும் எடிட்டிங்கும் பெரும்பாலும் சிங்களச் சகோதரர்கள்தான். நுகேகொடைப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில் எங்கள் எடிட்டர் இருந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என்னுடைய உடைந்த சிங்களத்தில் காட்சியைச் சொல்வேன், அவர் வெட்டுவார். ஒருநாள் கொட்டாஞ்சேனையில் எடுத்த காட்சி: தகப்பன் விட்டுப்போன வீட்டை விற்கத் தம்பி அண்ணனிடம் கையெழுத்துக் கேட்கிறான். இரண்டு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தேன், எனக்கு மிகவும் பிடித்த வசனம். நான் எதுவும் விளக்க முன்பே எடிட்டர், "அக்கே, இந்த மனுசனுக்குக் கையெழுத்துப் போட விருப்பமில்லைதானே?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். அண்ணனாக நடித்தவர் மூக்கில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே சட்டைப் பையில் கண்ணாடி தேடியதைக் காட்டினார். நான் எழுதாதது அது. நடிகர் தானாகச் செய்தது. வசனத்தில் முக்கால்வாசி அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

அடுத்த காட்சியில் இரண்டு பெண்கள் சோபாவில் இருந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். "இதில் என்ன நடக்குது?" என்று எடிட்டர் கேட்டார். கதையின் பெரிய திருப்பமே அந்தப் பேச்சில்தான் இருந்தது. படத்தில் ஒன்றும் இல்லை.

டிவி வசனம் அப்படித்தான் பழக்கிவிடும். பார்க்கிறவர் பாதி நேரம் குசினியில் நிற்பார், காது மட்டும் ஹோலில் இருக்கும். நேற்றுப் பார்க்காதவரும் இன்று வருவார். ஆகவே, "நேற்று நீ மாமா வீட்டுக்குப் போய்க் காணியைப் பற்றிப் பேசிவிட்டு அழுதுகொண்டு வந்தாயே" என்று, அழுத பெண்ணிடமே அவள் அழுததைச் சொல்ல வேண்டும். டிவிக்கு அது நியாயமான தேவை, நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் இருட்டில் வாயை மூடிக்கொண்டு பார்க்க வந்தவருக்கு அது எரிச்சல். என் படத்தை எழுதியபோது ஒவ்வொரு காட்சியையும் அந்த எடிட்டருக்கு விளங்குமா என்று கேட்டுக்கொண்டேதான் எழுதினேன்.

டிவியால் வந்த லாபமும் பெரியது. நாளைக்குப் படப்பிடிப்பு என்றால் இன்று இரவு காட்சி இருந்தே ஆக வேண்டும் என்ற பழக்கம். 'மூட்' வரவில்லை என்று கடற்கரையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மழை வந்து வெளிக் காட்சி கெட்டால் அதையே உள்ளே நடக்கும்படி பத்து நிமிடத்தில் மாற்றத் தெரியும். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் வெட்டிய நாட்களில் வேலை செய்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இயக்குநராவதற்கு என்னை உண்மையில் தள்ளியது பேச்சு வழக்கு. நம் நாடகங்களில் ஒரே குடும்பத்தில் அப்பா யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார், அம்மா மலையகத் தமிழ், பிள்ளை சென்னைத் தொடர் பார்த்துப் பழகிய தமிழ். மருமகன் வானொலிச் செய்தி வாசிப்பார். எழுத்தாளர் என்ன எழுதிக்கொடுத்தாலும் செட்டில் நிற்பவர் கவனிக்காவிட்டால் இதுதான் நடக்கும். கொழும்பில் நிஜமாகவே எல்லா வழக்கும் ஒரே ஒழுங்கையில் கேட்கும், அதுதான் இந்த ஊரின் அழகு. ஆனால் யார் எதைப் பேசுவார், யாரிடம் பேசும்போது மாற்றிக்கொள்வார் என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அந்த அதிகாரம் இயக்குநரிடம்தான் இருக்கிறது.

இனி வழி. இலங்கைத் தமிழ்ப் படம் 1962இல் 'சமுதாயம்' தொடங்கி ஓரளவு வந்துகொண்டிருந்தது. உங்கள் கேள்விக்குக் கிட்டிய உதாரணமும் அதிலே உண்டு: எஸ். ராம்தாஸ் எழுதிய வானொலித் தொடர்தான் 1976இல் 'கோமாளிகள்' என்ற படமானது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது, இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நீண்ட காலம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். 2018இல் கிங் ரட்ணத்தின் 'கோமாளி கிங்ஸ்' தியேட்டருக்கு வந்தபோது எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை வந்தது உண்மை. ஆனாலும் சென்னையில் போல ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து ஏறிவர இங்கே தமிழில் ஏணி இல்லை.

சிங்களத்தில் இருக்கிறது, அதைத் தமிழ் எழுத்தாளர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் அபிப்பிராயம். சோமரத்ன திசாநாயக்க தொலைநாடகத்திலிருந்து வந்து 2000இல் 'சரோஜா' எடுத்தார். டிவியிலும் வேலை செய்த அசோக ஹந்தகம 2012இல் 'இனி அவன்' என்று முழுத் தமிழ்ப் படமே எடுத்தார். தமிழ்ப் பாத்திரங்கள் வரும் சிங்களப் படங்களுக்கு வசனம் பார்க்க ஆள் தேவைப்படும். அந்த வேலையைக் கேட்டு வாங்கி செட்டுக்குள் போங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் ஒரு படம் தொடங்கி முடிவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

காசு விஷயத்தில் ஆசை வார்த்தை சொல்ல மாட்டேன். சென்னைப் பெரிய படம் வருகிற வாரத்தில் எங்களைப் போன்றவர்களுக்குத் தியேட்டர் கிடைக்காது. எங்கள் படத்தை வாடகை மண்டபங்களில்தான் காட்டினோம். சிங்கள சப்டைட்டில் போட்டதால் நினைத்ததை விடக் கூடுதலாகச் சிங்களப் பார்வையாளர்கள் வந்தார்கள். அந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டு வாடகைக்கு நான் இப்போதும் டிவிக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மாதம் எழுதுவதில் ஒரு மாமியார் இருக்கிறார், நேற்று நடந்ததை எல்லாம் தினமும் திருப்பிச் சொல்வார்.