சுமத்ராவில் நிலம் ஆடினால் பாம்பனுக்கு எப்படித் தெரியும்? நில அதிர்வு கேள்வி பதில்

நில அதிர்வுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊரான தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். நம் கரையோரத்து ஆட்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் வார்த்தையிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்: அண்ணே, சுமத்ராவில் பூமி ஆடுவதை இந்தியாவில் இருக்கிற கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம் காலுக்கு ஒன்றுமே தெரிவதில்லையே?

தம்பி, 2004 டிசம்பர் 26 அன்று நிலம் உடையத் தொடங்கிய இடம் ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். அங்கிருந்து கிளம்பிய முதல் அலை பூமிக்குள்ளேயே விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, நாலே நிமிடத்தில் நம் காலடியைத் தாண்டிப் போய்விட்டது. கடல் அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதை வீணாக்காமல் இருக்கத்தான் இவ்வளவு கருவியும்.

கருவியின் அடிப்படை எளிது. வீட்டு விட்டத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருக்கிறோம். விட்டத்தைச் சட்டென்று ஒரு அசை அசைத்தால் கயிற்றின் மேல்பக்கம் நகரும், கனமாக இருக்கிற தூளி அந்த நொடியில் நின்ற இடத்திலேயே நிற்கும். நில அதிர்வுமானியிலும் அப்படி ஒரு எடை தொங்குகிறது. நிலமும் பெட்டியும் அசையும், எடை பின்தங்கும். அந்த வித்தியாசம்தான் பதிவு. இப்போதைய கருவிகளில் எடையை நகரவிடாமல் மின்சாரத்தால் பிடித்து வைக்கிறார்கள். பிடித்து வைக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே நிலம் எவ்வளவு ஆடியது என்பதற்குக் கணக்கு.

பரமக்குடி, பள்ளி ஆசிரியை: எந்த இடத்தில் நடந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

பாறையை அழுத்தி அழுத்தி விட்டபடி ஓடும் முதல் அலை (பி அலை) வேகமானது. பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு வரும் இரண்டாம் அலை (எஸ் அலை) மெதுவானது. பூமியின் மேலோட்டில் (ஆழத்தில் வேகம் கூடும்) முதலாவது விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டரும், இரண்டாவது மூன்றரை கிலோமீட்டரும் போகும். தூரம் கூடக் கூட இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரியும். சில நூறு கிலோமீட்டருக்குள் என்றால் அந்த இடைவெளி விநாடிகளை 8ஆல் பெருக்கினால் போதும். 30 விநாடி இடைவெளி என்றால் சுமார் 240 கிலோமீட்டர். ஒரு நிலையம் தூரத்தைச் சொல்லும். மூன்று நிலையங்களையும் மையமாக வைத்து, அதனதன் தூரத்துக்குத் தனித்தனி வட்டம் போட்டால் மூன்றும் சந்திக்கும் இடம் கிடைத்துவிடும். பிள்ளைகளிடம் வரைபடமும் கவராயமும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இந்த இரண்டு அலைகளையும் பதிவுகளில் முதலில் பிரித்துக் காட்டியவர் ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1897இல் ஷில்லாங் பக்கம் நடந்த பெரிய நடுக்கத்தை ஆராய்ந்தபோதுதான் அது பிடிபட்டது. அதற்கு அவருக்கு உதவியவை ஐரோப்பாவில் இருந்த கருவிகளின் பதிவுகள். இந்தியாவின் முதல் நிலையம் மறுவருடம், 1898இல், கொல்கத்தா அலிப்பூரில் வந்தது.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: 2004இல் முதலில் 8 என்றார்களாம், அப்புறம் 9 என்றார்களாம். அளவே தப்பாக வருமா சார்?

நல்ல கேள்வி. அன்று காலை நம் நேரப்படி 6:28க்கு நிலம் உடையத் தொடங்கியது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி மையம் 6:44க்கே 8.0 என்று செய்தி விட்டது. 7:34க்கு அதை 8.5 ஆக்கியது. 9க்கு மேல் என்பது இன்னும் பல மணி நேரம் கழித்துத்தான் தெளிந்தது. இப்போது ஏற்றுக்கொள்ளப்படும் அளவு 9.1.

அங்கே யாரும் அலட்சியமாக இருந்ததாக எனக்குப் படவில்லை. பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும்போது முதல் நாலு பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு மொத்த நீளத்தைச் சொல்லச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அன்று நிலம் ஒரே இடத்தில் உடையவில்லை. சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல், எட்டு நிமிடத்துக்கும் அதிகமாக உடைந்துகொண்டே போனது. சீக்கிரம் கணக்குப் போட உதவும் குறுகிய அலைகள் அவ்வளவு பெரிய உடைப்பை முழுதாகக் காட்டாது. ஒரு கட்டத்துக்கு மேல் அவற்றின் உயரம் கூடுவதே நின்றுவிடும்.

1935இல் ரிக்டர் தந்த அளவுகோலுக்கும் இதே குறை உண்டு. அதனால்தான் பெரிய நடுக்கங்களுக்கு இப்போது திருப்புத்திறன் அளவைப் பயன்படுத்துகிறோம். உடைந்த பரப்பு எவ்வளவு, எத்தனை மீட்டர் நழுவியது, பாறை எவ்வளவு இறுக்கமானது, இந்த மூன்றையும் பெருக்கி வருவதிலிருந்து கணக்கிடுவது அது. அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு. 8க்கும் 9.1க்கும் நடுவே சுமார் 45 மடங்கு. அந்த வித்தியாசத்தைக் காலையிலேயே தெரிந்து சொல்லியிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விடுவதில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் நமக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

தேவிபட்டினம், கடைக்காரர்: கைபேசியில் நிலநடுக்க எச்சரிக்கை வருகிறதே, அது போதுமா?

ஆண்ட்ராய்டில் 2023 முதல் இந்தியாவில் அந்த வசதி இருக்கிறது. பல கைபேசிகள் ஒரே நேரத்தில் அதிர்வை உணர்ந்தால் எச்சரிக்கை வரும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நிலம் ஆடுவதைப் பற்றியது. கடல் வருமா என்பதற்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

தொண்டி, வலை பின்னுபவர்: நம் கரையிலேயே ஒரு கருவி வைத்தால் இன்னும் நல்லதுதானே?

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கடல் அலையே நிலத்தை ஓயாமல் மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறது. கரைக்குப் பக்கத்து மணலில் வைத்தால் அந்த இரைச்சலில் தூரத்து அதிர்வு மூழ்கிவிடும். கெட்டிப் பாறை வேண்டும், சத்தமில்லாத இடம் வேண்டும். கொடைக்கானலில் நூறு வருடத்துக்கு முன்பே கருவி வைத்தது அதனால்தான் பலன் தந்தது.

மண்டபம், மீன் வியாபாரம் செய்யும் அக்கா: கடல் உள்வாங்கிப் படகெல்லாம் தரை தட்டி நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது தம்பி. சுனாமியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அக்கா, நம் பெண்கடல் (வடக்குப் பக்கத்துப் பாக் விரிகுடா) ஆழமில்லாதது. பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் தரை வந்துவிடும். காற்று ஒரே பக்கம் தள்ளினாலோ, ஏற்றவற்றத்தில் வற்றம் அதிகமானாலோ தண்ணீர் வெகுதூரம் விலகும். அது மணிக்கணக்கில் மெதுவாக நடக்கும், அதற்கும் நில அதிர்வுக்கும் சம்பந்தமில்லை. சுனாமியில் கடல் விலகினால் சில நிமிடங்களிலேயே விலகிவிடும். அப்படிப் பார்த்தால் மீன் பொறுக்க இறங்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள். 2004இல் இலங்கை குறுக்கே நின்றதால் நாகப்பட்டினம் அளவுக்கு நமக்கு அடி விழவில்லை. அதை நம்பிக் கரையில் நிற்கக் கூடாது, அலை தீவைச் சுற்றி வளைந்தும் வரும்.

கீழக்கரை, வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்: 2012இல் 8.6 என்று சொல்லிக் கரையெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே. எச்சரிக்கை தப்பா?

தப்பில்லை. 2012 ஏப்ரல் 11, மதியம் 2:08. அளவு உண்மையிலேயே 8.6, சென்னையில் பலர் வீட்டைவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். ஆனால் 2004இல் கடல்தரை மேலே தூக்கி மேலிருந்த தண்ணீரையும் தூக்கியது. 2012இல் இரண்டு பக்கமும் கிடையாக உரசி நழுவின, தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை. எந்தத் திசையில் நழுவியது என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் முதல் அசைவு மேலே போனதா, கீழே போனதா என்று ஒப்பிட்டுக் கணிக்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை கரையில் ஆட்களை நிற்க விட முடியாது. கடலடியில் இருக்கும் அழுத்தமானிகளும் துறைமுகங்களில் இருக்கும் நீர்மட்டமானிகளும் தண்ணீர் சிறிதளவே உயர்ந்ததைக் காட்டின. அன்று மாலையே எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.