'எஸ்' போடுவதா, விடுவதா? ரெடிங்கில் இருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து இங்கிலாந்தில் உள்ள ரெடிங் நகரத்துக்கு வந்து ஒரு அக்கவுண்ட்ஸ் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். பேச்சு எப்படியோ ஓடிவிடுகிறது. ஈமெயில் எழுதினால்தான் மேனேஜர் ஆங்கிலத்தில் பன்மைக்குப் போடும் 'எஸ்' எழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு இடத்தில் சேர்க்கிறார், இன்னொரு இடத்தில் அடிக்கிறார். அவரே 'தி டீம் ஆர்' என்று எழுதுகிறார், உங்களுக்குப் பள்ளியில் 'தி டீம் இஸ்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். எதை நம்புவது? கூடவே, முதலில் தங்கிய ஃபிளாட்டின் டெபாசிட்டில் பணம் பிடித்துக்கொண்ட ஏஜென்டுக்கு எழுதிய கடிதத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

பள்ளியைக் குறை சொல்லாதீர்கள். நம் மொழியின் பழக்கம் அது. 'மூன்று மாடு வந்தது' என்றால் நமக்கு உறுத்தாது. எண் முன்னால் நிற்கிறதே, 'கள்' எதற்கு? அஃறிணைப் பெயர் ஒன்றன்பால், பலவின்பால் இரண்டுக்கும், அதாவது ஒருமைக்கும் பன்மைக்கும், பொதுவாக நிற்கலாம் என்று இலக்கணமே 'பால் பகா அஃறிணைப் பெயர்' என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் 'டூ இன்வாய்ஸ் ஆர் பெண்டிங்' என்று கை எழுதிவிடுகிறது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதும் இதே வகைதான். 'ஒன் ஆஃப்' வந்தால் பின்னால் பன்மை வந்தே ஆக வேண்டும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'.

இன்னொரு பக்கம், தகவல்கள், அறிவுரைகள், உபகரணங்கள், ஆதாரங்கள், பயிற்சிகள் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் தாராளமாகக் 'கள்' போடலாம். அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'எவிடென்சஸ்', 'ட்ரெய்னிங்ஸ்' வந்து நிற்கின்றன. உங்கள் மேனேஜர் அடித்ததெல்லாம் இந்த வகைதான். என்னைக் கேட்டால் இரண்டில் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். விடுபட்ட 'எஸ்' அவசரத்தில் நேர்ந்த பிழை போலத் தெரியும். தேவையில்லாமல் ஒட்டிய 'எஸ்' இவருக்கு இந்தச் சொல்லே தெரியாது போல என்று நினைக்க வைக்கும்.

பொருளைப் பார்த்து முடிவு செய்ய முயலாதீர்கள், அதில் தர்க்கம் கிடைக்காது. நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் எண்ணலாம், ஆனால் 'ஃபர்னிச்சர்' எண்ண முடியாத சொல். பெட்டிகளை எண்ணலாம், 'லக்கேஜ்' எண்ண முடியாது. காப்பியை எண்ண முடியாது என்று புத்தகம் சொல்லும், ஆனால் கடையில் 'டூ காஃபீஸ், ப்ளீஸ்' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் அதன் குணத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் வழி.

அதற்குப் பெரிய இலக்கணப் புத்தகம் வேண்டாம். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் போடும் அகராதிகளைப் பாருங்கள். எண்ணக்கூடிய பெயரா, எண்ண முடியாததா என்று பக்கத்திலேயே காட்டியிருப்பார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கும். இந்த வகை அகராதிக்கு முன்னோடியான ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் கூட்டாளிகளும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மறுபடி வெளியிட்டது. ஜப்பானிய மொழியிலும் பன்மை விகுதி கட்டாயமில்லை. ஆக, இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல.

சரி, எண்ணியே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று பாடப்புத்தகம் சொல்லித்தரும். தப்பில்லை, ஆனால் ஈமெயில் முழுக்க 'பீஸ் ஆஃப்' போட்டால் படிக்கச் சலிப்பாக இருக்கும். இங்கே அலுவலகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொல்லையே மாற்றிவிடுகிறார்கள். 'ஃபீட்பேக்ஸ்' வேண்டாம், 'கமெண்ட்ஸ்' எழுதுங்கள். 'இன்ஃபர்மேஷன்ஸ்' இடத்தில் 'டீடெய்ல்ஸ்'. 'ட்ரெய்னிங்ஸ்' என்றால் 'கோர்ஸஸ்' அல்லது 'ட்ரெய்னிங் செஷன்ஸ்'. 'எவிடென்சஸ்' இடத்தில் 'டாக்குமென்ட்ஸ்'. 'வொர்க்ஸ்' என்று எழுதினால் தொழிற்சாலையோ கட்டுமானப் பணியோ நினைவுக்கு வரும், 'டாஸ்க்ஸ்' போதும். 'ஸ்டாஃப்ஸ்' பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பணியாளர்கள் என்ற பொருளில் 'எஸ்' வேண்டாம். பிரிட்டனில் 'ஸ்டாஃப் ஆர்' என்பார்கள். எண்ணிக்கை சொல்ல வேண்டுமானால் 'த்ரீ மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்'.

உங்கள் தொழிலில் ஒரு விதிவிலக்கு கண்ணில் படும். 'மணி' எண்ண முடியாத சொல்தான், ஆனால் கணக்கு, சட்ட ஆவணங்களில் 'மணீஸ்' என்று வரும். அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள், நீங்களாக எழுதவும் வேண்டாம். தொகையில் 'டூ மில்லியன் பவுண்ட்ஸ்', மில்லியனுக்கு 'எஸ்' இல்லை. 'மில்லியன்ஸ் ஆஃப் பவுண்ட்ஸ்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போதுதான் வரும். தொகை எவ்வளவு பெரிதானாலும் ஒரே தொகை என்பதால் 'டென் பவுண்ட்ஸ் இஸ் இனஃப்' என்று ஒருமை வினை. பேச்சில் 'டென் குவிட்' என்பார்கள், அதற்குப் பன்மையே கிடையாது. எடை சொன்னால் 'லெவன் ஸ்டோன்', அதற்கும் அப்படியே. பவுண்டின் சில்லறையைத் தொகையாகச் சொன்னால் 'பென்ஸ்', கையில் இருக்கும் காசுகள் என்றால் 'பென்னீஸ்'.

இப்போது 'டீம் ஆர்'. உங்கள் மேனேஜரும் சரி, உங்கள் ஆசிரியரும் சரி. டீம், கவர்ன்மென்ட், கமிட்டி போன்ற கூட்டப் பெயர்களை ஆட்களாக நினைத்தால் பிரிட்டிஷ்காரர்கள் பன்மை வினை போடுவார்கள், ஒரே அமைப்பாக நினைத்தால் ஒருமை. அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருமைதான். இரண்டில் எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே பிடியுங்கள். 'தி டீம் இஸ்' என்று தொடங்கி அதே வாக்கியத்தில் 'தேர்' (அவர்களுடைய) என்று முடித்தால் கண்ணில் குத்தும். 'போலீஸ்' மட்டும் இரண்டு நாட்டிலும் 'ஆர்'. தங்குமிடத்துக்கு இங்கே 'அக்காமடேஷன்', அமெரிக்கர்கள் 'எஸ்' சேர்ப்பார்கள். கணக்குப் பாடம் இங்கே 'மேத்ஸ்', அங்கே 'மேத்'. 'டேட்டா' பற்றிச் சண்டையே நடக்கிறது: கார்டியன் பத்திரிகை ஒருமை வினை போடுகிறது, ஆய்விதழ்கள் பலவற்றில் பன்மை. உங்கள் அலுவலகம் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதிவிட்டுப் போங்கள்.

பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபி, அதாவது 'எஸ்' பக்கத்தில் மேலே வரும் காற்புள்ளி போன்ற குறி, போடாதீர்கள். 'இன்வாய்ஸ்கள்' என்று சொல்ல வந்து இரண்டு மெயிலில் அந்தக் குறியைப் போட்டிருக்கிறீர்கள். இங்கே பிறந்தவர்களும் இதில் வழுக்குவார்கள். சந்தையில் வாழைப்பழத்துக்கு அப்பாஸ்ட்ரஃபி வைத்த அட்டையைப் பார்க்கலாம், அதற்குக் காய்கறிக்காரர் அப்பாஸ்ட்ரஃபி என்று பெயரே உண்டு. லண்டன் பாதாள ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் 'ஏர்ல்ஸ் கோர்ட்' ஸ்டேஷன் பெயரில் அந்தக் குறி இருக்கிறது, சற்றுத் தள்ளி வரும் 'பேரன்ஸ் கோர்ட்' பெயரில் இல்லை. ஊர்ப் பெயரில் என்னவும் நடக்கட்டும். உங்கள் சிவியில் 'டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதில் மட்டும் 'இயர்ஸ்' முடிந்த பிறகு குறி வேண்டும். 'எ டூ-இயர் கான்ட்ராக்ட்' என்று பெயருக்கு முன் அடையாக வந்தால் 'எஸ்', குறி இரண்டுமே வேண்டாம்.

கடிதத்துக்கு வருகிறேன், இங்கேதான் பன்மை பணத்தைத் தொடுகிறது. 'ஐ டிட் நாட் காஸ் தி டாமேஜஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். சேதம் எவ்வளவு இருந்தாலும் 'டாமேஜ்' தான். 'டாமேஜஸ்' என்றால் நீதிமன்றம் கட்டச் சொல்லும் நஷ்டஈடு. நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல. 'ஃபர்னிச்சர்ஸ்' எல்லாவற்றிலும் 'எஸ்' எடுங்கள். வீடும் அதைச் சேர்ந்த இடமும் என்ற பொருளில் 'ப்ரெமிசஸ்' எப்போதும் பன்மை, 'தி ப்ரெமிசஸ் வேர் க்ளீன்' என்று மாற்றுங்கள்.

இலக்கணத்தோடு இதையும் கடிதத்தில் சேருங்கள். இங்கிலாந்தில் டெபாசிட் வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைப் பதிந்திருக்க வேண்டும். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் டெபாசிட் 5 வார வாடகையைத் தாண்டக்கூடாது, 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. எந்தத் திட்டத்தில் பதிந்தார்கள் என்று கேளுங்கள். பிடித்தம் பற்றித் தகராறு என்றால் அந்தத் திட்டமே இலவசமாகத் தீர்த்துவைக்கும் வசதி உண்டு. வீட்டுக்குள் நுழைந்த அன்று எடுத்த படங்களை இணைத்துவிடுங்கள், அவைதான் உங்கள் 'எவிடென்ஸ்'.

கடைசியாக ஒன்று. தொடக்கத்தில் 'வித் ரிகார்ட்ஸ் டு' என்றும் முடிவில் 'கைண்ட் ரிகார்ட்' என்றும் போட்டிருக்கிறீர்கள். முதலாவதில் இருக்கும் 'எஸ்'ஸை எடுத்து இரண்டாவதில் ஒட்டி, நாளைக்கே அனுப்பிவிடுங்கள்.