முட்டை சாப்பிட்டா விஷம் முறிஞ்சிருமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரரு தினமும் ஜீப்புல வண்டன்மேடு ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போறாரு. பூச்சிமருந்து கலந்த தீனியத் தின்ன எலிக்கு உடம்புல புரதம் குறைஞ்சு போச்சுன்னு காலேஜ்ல படிக்கிற பொண்ணு சொன்னதுல இருந்து அவருக்கு ரெண்டு முட்டை அவிச்சுக் குடுக்குறேன். அது போதுமா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: பொண்ணு சொன்னது சரிதாம்மா. ரத்தத்துல இருக்குற அல்புமின்ங்கிற புரதத்தைச் செய்யறதே ஈரல்தான், குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்தைத் தீனியில கலந்து வாரக்கணக்கா குடுத்தா எலியோட ஈரல் கெட்டு அந்த உற்பத்தி படுத்துரும், இருக்குற புரதமும் உடைஞ்சு கரையும், அதனாலதான் பல ஆய்வுகள்ல அல்புமின் இறங்கி, ஈரல் கெட்டா ரத்தத்துல கசியுற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடிங்கிற நொதிகளும், யூரியாங்கிற ரத்தக் கழிவும் ஏறி நிக்குது. ஆனா மருந்து வாடைக்கு எலி சரியா திங்காது, அரைப்பட்டினியாலயும் புரதம் இறங்கும். அதுக்காகவே நல்ல ஆய்வுல இன்னொரு கூண்டு எலிக்கு மருந்தில்லாத தீனிய, முதல் எலி தின்ன அதே அளவுக்கு எடைபோட்டு வைப்பாங்க. அப்படி ஒப்பிட்டுப் பாக்காத ஆய்வை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். எலிக்குக் குடுக்குற அளவும் நம்ம காய்கறியில ஒட்டியிருக்கிறதை விட பல மடங்கு அதிகம்.

இப்ப முட்டைக்கு வரேன். புரதம் கம்மியான தீனி தின்ன எலியை நிறைய பூச்சிமருந்துகள் சீக்கிரம் சாய்க்கும், ஏன்னா விஷத்தை உடைக்கிற ஈரல் நொதிகளே புரதம்தானே. ஹெப்டாகுளோர் மாதிரி சிலது இதுக்கு நேர்மாறு, ஈரல் மாத்தின பிறகுதான் அதுக்கு விஷம் கூடும், அதனால நொதி குறைஞ்ச எலி அதுல ஓரளவு தப்பிக்கும். முட்டை தாராளமா குடுங்க, உடம்புக்குத் தெம்பு, ஆனா விஷத்தை முறிக்காது.

உங்க வீட்டுக்காரருக்கு பெரிய ஆபத்து தோல் வழியா வருது. ஹோஸ் புடிச்சு அடிக்கையில நனைஞ்ச சட்டையோடயே கம்பம்மெட்டு இறங்கி வீடு வந்து சேருற வரைக்கும் மருந்து உள்ள ஊறிக்கிட்டே இருக்கும், தோட்டத்துலயே சோப்பு போட்டுக் குளிச்சு வேற சட்டை மாத்தச் சொல்லுங்க, அந்தத் துணிய புள்ளைங்க துணியோட ஊறப்போடாதீங்க, கை கழுவாம பீடியோ சோத்துப் பாத்திரமோ தொடவே கூடாது. ஈரல் டெஸ்ட் நார்மல்னு வந்தாலும் சும்மா இருந்துராதீங்க. குயினால்பாஸ் வகை பூச்சிமருந்து தாக்குறது நரம்பு வேலைக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ்ங்கிற நொதியை, அதுக்குத் தனி ரத்த டெஸ்ட் இருக்கு, மருந்தடி ஆரம்பிக்கும் முன்னாடி ஒண்ணு, நடுவுல ஒண்ணு எடுத்துப் பாத்தாதான் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரியும். அடிச்சுட்டு வந்த அன்னிக்கு எச்சில் ஊறி, வேர்த்துக் கொட்டி, கண்ணு மங்கி, சதை துடிச்சா, விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, என்ன மருந்துன்னு டப்பா லேபிளை ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கச் சொல்லுங்க.