புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில்

(1998 முதல் ஈரோட்டில் துணிகளுக்கு டிசைன் வரைந்துவரும் பெண்மணி, இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

நான் பி.காம். படித்தவள். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. துணி டிசைன் வரைவதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?
வாசகி, திண்டுக்கல்

நீங்கள் பட்டதாரி. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் தெருமுனையில் இருந்த பிரிண்டிங் பட்டறையில் டிரேசிங் எடுக்க, அதாவது டிசைனை ஒளி ஊடுருவும் தாளில் நகலெடுக்க, ஆள் தேவை என்றார்கள்; வாசலில் நான் போடும் கோலத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்து அழைத்துப் போனார். மூன்று ஆண்டுகள் யாரோ வரைந்த பூக்களுக்குக் கலர் பிரித்தேன். ஒரு பூவில் நான்கு நிறம் இருந்தால் நான்கு தாள், நான்கு ஸ்கிரீன் (துணியில் சாயம் இறக்கும் வலை). நிறம் கூடினால் செலவும் கூடும் என்பதை முதலாளியின் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இன்றுவரை ஐந்தாவது நிறத்தைத் தொடும்போது கை தயங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் துணிகளுக்கு டிசைன் வரைந்து புகழ்பெற்ற இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்தான். ஆனால் சாயத் தொழில் அங்கே கற்ற பாடமல்ல. 1875 வாக்கில் லீக் என்ற ஊரின் சாயப் பட்டறைக்குப் போய், தொட்டியில் கைவிட்டுக் கற்றார். கையெல்லாம் அவுரி நீலம் ஏறித் திரிந்தாராம். 1883இல் அவர் வரைந்த, ஸ்ட்ராபெரி திருடும் பறவைகள் கொண்ட துணி அந்த நீலத்தில் பிறந்ததுதான். உங்கள் ஊரிலோ பக்கத்திலோ பட்டறை இருக்கும். ஆறு மாதம் கூலி குறைவாக இருந்தாலும் போய் உட்காருங்கள்.

தாளில் அழகாக இருக்கும் என் டிசைன், துணியில் அடித்ததும் குறுக்கே கோடு கோடாகத் தெரிகிறது. தவறு எங்கே?
வாசகி, கரூர்

பூவில் இல்லை. பூவும் பூவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. டிசைன் வரைந்த ஒரே கட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால், உங்கள் பெரிய பூ எல்லாக் கட்டத்திலும் ஒரே உயரத்தில்தான் வந்து நிற்கும். கண் அதைக் கோடாகக் கோத்துவிடும்.

உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்பார். நேர்ப்புள்ளியில் புள்ளிக்குக் கீழே புள்ளி. ஊடுபுள்ளியில் (சந்துப்புள்ளி என்பதும் இதுதான்) இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி. இதையே நெடுக்குவாட்டில் செய்து, பக்கத்துக் கட்டத்தைப் பாதி உயரம் இறக்கி வையுங்கள். கோடு உடைந்துவிடும். துணிக்காரர்கள் இதை ‘ஹாஃப் டிராப்’ என்றபோது ஏதோ பெரிய வித்தை என்று பயந்துபோனேன். மார்கழியில் நாம் விடியற்காலை குளிரில் செய்வதுதான்.

இறக்காமல் நேராக அடுக்கும் டிசைனின் ஓரங்களைச் சரிபார்க்க ஒரு வழி: வரைந்த தாளை நெடுக்காகவும் குறுக்காகவும் நான்காக வெட்டுங்கள். மூலைக்கு மூலை இடம் மாற்றி ஒட்டினால் பழைய ஓரங்கள் நடுவில் வந்து சேரும். அங்கே தெரியும் வெற்றிடத்தில் இலையோ மொட்டோ வரைந்து நிரப்புங்கள். பிறகு நாலைந்து பிரதி எடுத்துச் சுவரில் சேர்த்து ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். பூக்களைப் பார்க்காதீர்கள், நடுவே வெள்ளையாக ஓடும் சந்துகளைப் பாருங்கள்.

அளவையும் பட்டறையில் கேட்டுவிட்டு வரையுங்கள். உருளை சுழன்று துணியில் அச்சடிக்கும் ரோட்டரி இயந்திரத்தில், அந்த உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். உங்கள் டிசைன் 64, 32, 16 என்று அதில் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். 30 சென்டிமீட்டரில் வரைந்துகொண்டு போனால் மாஸ்டர் திட்டுவார், நியாயமாகவே.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நைட்டித் துணிக்கு முதன்முதலாகச் சொந்தமாக வரைந்தது கிளிகள். எல்லாக் கிளியும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. தையற்காரர்கள் துணியை மிச்சப்படுத்த, முன்பக்கத்தை ஒரு திசையிலும் பின்பக்கத்தை எதிர்த்திசையிலும் வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. 400 மீட்டர் அடித்த பிறகு பார்த்தால் பின்பக்கம் முழுக்கத் தலைகீழ்க் கிளி. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளத்தைத் தாமதமாகத் தந்தார். அதன் பிறகு என் கிளிகளில் பாதி தலைகீழாகத்தான் தொங்குகின்றன. கிளிக்கு அது இயல்புதானே.

ஒரு டிசைனை மொத்தமாக 1,500 ரூபாய்க்கு விற்றேன். இப்போது அதே பூ தலையணை உறையிலும் திரைச்சீலையிலும் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?
வாசகி, சென்னிமலை

எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் வழக்கு கடினம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வரைந்த படத்துக்குத் தானாகவே பதிப்புரிமை உண்டு என்று நிம்மதியாக இருப்போம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைக் கொண்டு இயந்திரத்தில் 50 முறைக்கு மேல் பொருள் உற்பத்தியாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். பட்டறையில் ஒரே காலையில் 50 தாண்டிவிடும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு, புதுப்பித்தால் மேலும் 5. ஆனால் டிசைனை வெளியில் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காக வரைந்தால், அந்தச் சட்டப்படி உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான்.

எல்லாப் பூவையும் பதிவு செய்ய நமக்குக் கட்டுப்படியாகாது. நான் செய்வது இதுதான்: பில்லிலேயே ‘நைட்டித் துணிக்கு மட்டும், இரண்டு ஆண்டுகளுக்கு’ என்று எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். முகம் சுளிப்பவர்களும் உண்டு. சுளித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

கணினியே நொடியில் டிசைன் போட்டுத் தருகிறதே, இனி நமக்கு வேலை இருக்குமா?
வாசகர், திருப்பூர்

போன மாதம் ஒரு பட்டறையிலிருந்து அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்தார்கள். தாமரைக்குளம், மறுக்க முடியாத அழகு. ஆனால் ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, நிறங்களை எண்ணி முடியவில்லை. ஆறு நிறமாகக் குறைத்து, 64 சென்டிமீட்டரில் அடக்கி, இணைப்புகளை மூடித் தர எனக்கு நான்கு நாள் ஆயிற்று. கூலி சரியாகக் கொடுத்தார்கள். தாமரை என்னுடையதாக இல்லையே என்ற வருத்தம் இருந்தது. அதனால் இணைப்பை மூட வரைந்த இரண்டு தவளைகளை மட்டும் கொஞ்சம் பெரிதாகவே வரைந்துவிட்டேன்.